காமிக்ஸில் கிராமத்துப் பையன், படத்தில் சிட்டி ஹீரோ... ஊரை எங்கே விட்டான் ஸ்பைடர்மேன்?

"அவன் பெரியப்பா எங்கடா?"

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. சொம்பில் சாய்த்து வைத்த போனில் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' ஓடுகிறது. தமிழ் டப்பிங். பார்ப்பது இரண்டு பேர். சென்னையில் காலேஜ் முதல் வருடம் படிக்கும் பேரன், சனி ஞாயிறுக்கு ஊருக்கு வந்திருக்கிறான். பக்கத்தில் ஆயா. எழுபதைத் தாண்டியவர். பாரதக் கூத்து எங்கே நடந்தாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுபவர் என்று அந்தத் தெருவில் பெயர்.

போன வாரம் பேரன் ஒரு காமிக்ஸ் புத்தகத்தை ஹாஸ்டல் நண்பனிடம் இரவல் வாங்கி வந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி ஆயாவுக்குக் கதை சொன்னான். அதே ஆளைப் படத்தில் காட்டுகிறேன் என்று இந்த வாரம் உட்கார வைத்திருக்கிறான். படத்தில் ஆள் வந்தான். பேசினான், பறந்தான், சண்டை போட்டான். பெரியப்பா மட்டும் வரவே இல்லை.

"இதுல அவரு வரமாட்டாரு ஆயா."

"அப்புறம் அவனுக்கு எப்படிடா புத்தி வந்துச்சி?"

சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் பலரும் கேட்காமல் விட்ட கேள்வி இது. காமிக்ஸுக்கும் படத்துக்கும் நடுவில் தொலைந்துபோன விஷயம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

பீட்டர் பார்க்கர் டு பவித்ர் பிரபாகர்

2004-ல் ஹாலிவுட்டில் 'ஸ்பைடர்மேன் 2' ரிலீஸான நேரம். அதையொட்டி காத்தம் என்டர்டெயின்மென்ட் குரூப் என்ற நிறுவனம் மார்வெலின் அனுமதியோடு இந்தியாவுக்கென்று தனி ஸ்பைடர்மேனை உருவாக்கியது. அமெரிக்கக் கதையை மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக, இந்த மண்ணில் பிறந்திருந்தால் ஸ்பைடர்மேன் எப்படி இருப்பான் என்று யோசித்துக் கதையையே மாற்றினார்கள். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் ஜே. காங் மூவரும் உருவாக்கியது. படம் வரைந்தவர் காங். மொத்தம் 4 இதழ்கள். 2005-ல் அமெரிக்காவிலும் வெளியானது.

பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பீட்டர் பார்க்கர், பவித்ர் பிரபாகர் ஆனான். மேரி ஜேன், மீரா ஜெயின். வில்லன் நார்மன் ஆஸ்பார்ன், நலின் ஓபராய். மே ஆன்ட்டி, மாயா ஆன்ட்டி. அங்கிள் பென், அங்கிள் பீம். இன்ஷியலை மாற்றாமல் இந்தியக் குடியுரிமை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்!

இந்த 'அங்கிள்' என்ற ஒற்றை வார்த்தையில் ஆங்கிலம் தப்பித்துக்கொள்ளும். தமிழில் கதை சொல்பவர் தப்பிக்க முடியாது. மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று முதல் வரியிலேயே கேட்பார்கள். அமெரிக்க மூலத்தில் பென், பீட்டருடைய அப்பாவுக்கு அண்ணன். அந்தக் கணக்கில் பேரன் 'பெரியப்பா' என்றான். உடனே ஆயா, "பீமன்தான அபிமன்யுக்கும் பெரியப்பன்?" என்றார்.

உண்மைதான். பாரதத்தில் பீமன் அர்ச்சுனனுக்கு மூத்தவன். அப்படியானால் அபிமன்யுவுக்குப் பெரியப்பா. பதின்மூன்றாம் நாள் போரில் சக்கர வியூகத்தை உடைத்துக்கொண்டு அபிமன்யு உள்ளே போகிறான். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன பீமனை வாசலிலேயே ஜயத்ரதன் தடுத்துவிடுகிறான். பெரியப்பா வந்து சேராததால் பிள்ளை செத்தான்.

காமிக்ஸில் இது அப்படியே தலைகீழ். சக்தி கிடைத்த புதிதில், ஒரு பெண்ணைச் சிலர் சூழ்ந்து தாக்குவதைப் பவித்ர் பார்க்கிறான். நமக்கென்ன என்று தாவிப் போய்விடுகிறான். அந்தப் பெண்ணின் குரல் கேட்டுக் காப்பாற்ற ஓடி வருகிறவர் எந்தச் சக்தியும் இல்லாத சாதாரண மனிதர். பவித்ரின் பெரியப்பா. கத்திக்குத்து வாங்கி அங்கேயே உயிரை விடுகிறார். பிள்ளை வந்து சேராததால் பெரியப்பா செத்தார்.

காமிக்ஸை உருவாக்கியவர்கள் இதை யோசித்துத்தான் 'பீம்' என்று பெயர் வைத்தார்களா, 'பி'-யில் ஆரம்பிக்கும் பெயர் தேடியதில் மாட்டியதா என்பது அவர்களுக்கே வெளிச்சம். கூரத்துத் திண்ணையில் அது பாரதமாகவே கேட்டது.

கூரமும் பாரதமும்

இந்தக் கதையை இந்த ஊரில் வைத்துப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்துச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்லும் செப்பேடு புகழ்பெற்றது. 1890-ல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அது அச்சாகிவிட்டது. தானமாகக் கொடுத்த கிராமத்தை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. பூஜைக்கு நிலம், பராமரிப்புக்கு நிலம் என்று ஒதுக்கும்போதே, கதை சொல்வதற்கும் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1,300 வருடங்களுக்கு முன்பு!

காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அந்த வழக்கம் இன்றும் வேறு உருவத்தில் தொடர்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் பாட்டைப் பாடி விளக்கம் சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தாக ஏறும். ஒரே கதையை இரண்டு வடிவத்தில் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடுகிற பழக்கம் அந்த ஜனங்களுக்கு உண்டு. 'பகல்ல அப்படிச் சொன்னாரு, ராத்திரி இவங்க இதை விட்டுட்டாங்களே' என்று டீக்கடையில் அலசுவார்கள். 'புக் நல்லாருந்துச்சா, படம் நல்லாருந்துச்சா' என்று யூடியூபில் இன்று நடக்கும் விவாதத்துக்கு இவர்கள் ரொம்பவே சீனியர்கள்.

அப்படிப் பழகிய கண்ணுக்குப் படத்தில் பவித்ர் அறிமுகமாகும் இடம் உடனே பிடிபட்டுவிட்டது. இந்த ஸ்பைடர்வெர்ஸ் படங்களில் ஒவ்வொரு ஸ்பைடர்மேனும் வரும்போது, 'என் பெயர் இது, என் ஊர் இது, நான் இப்படிப்பட்டவன்' என்று தானே சொல்லிக்கொண்டு வருவான். ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாடா, திரை புடிச்சி வரான்!" கூத்தில் முக்கியமான வேடக்காரர் நேராக மேடைக்கு வருவதில்லை. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் இருந்து பாடி, ஆடி, தன்னைச் சொல்லிக்கொண்டுதான் வெளியே வருவார். யாரப்பா நீ என்று கேட்கக் கட்டியங்காரன் இருப்பான். நியூயார்க்கில் இருந்து வந்து ஒன்றும் புரியாமல் முழிக்கும் மைல்ஸ் மொரால்ஸ்தான் இங்கே கட்டியங்காரன்.

எண்ணெய் வைத்த தலை

படம் 2023 ஜூன் மாதம் வெளியானது. இந்தியாவில் தமிழ் உட்பட 10 மொழிகளில். இந்தி, பஞ்சாபி பதிப்புகளில் பவித்ருக்குக் குரல் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில். 2 மணி 20 நிமிடப் படத்தில் பவித்ர் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் தியேட்டரில் விசில் பறந்தது அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஊரின் பெயர் மும்பாட்டன். மும்பையையும் மன்ஹாட்டனையும் ஒட்டிச் செய்தது. அடுக்கடுக்காக மேலே ஏறும் கட்டடங்கள், நெரிசல், கலர் கலரான போர்டுகள். வேதாளர் கதைகளை இந்தியாவில் பரப்பிய பழைய இந்திரஜால் காமிக்ஸின் அச்சு நிறத்தை மனதில் வைத்து அந்த ஊரை வரைந்திருக்கிறார்கள். 20 வருடத்துக்கு முந்தைய காமிக்ஸின் ஓவியத்தோடு வைத்துப் பார்த்தால், போட்டியே இல்லை. படம் ஜெயித்துவிட்டது. காமிக்ஸில் மும்பை வெறும் பின்னணித் திரைச்சீலை. படத்தில் அது மூச்சு விடுகிறது.

உடையும் அப்படியே. காமிக்ஸில் மேலே வழக்கமான ஸ்பைடர்மேன் சட்டை, கீழே பஞ்சகச்சம் மாதிரி வெள்ளை வேட்டி. ஐடியா புதுசு, ஆனால் இரண்டு துணிக்கடையில் இருந்து எடுத்தது போலத் தெரியும். படத்தில் அதையே அழகாக மாற்றி, வேட்டிக் கட்டில் தைத்த பேன்ட், கையில் வளையல், முகமூடிக்கு மேலே அலைபாயும் முடி என்று ஆளையே ஸ்டைலாக்கிவிட்டார்கள். முடிக்கு ஸ்பெஷலாக எதுவும் போடுவதில்லை, தேங்காய் எண்ணெய்தான் என்கிற அர்த்தத்தில் பவித்ர் ஒரு வசனம் பேசுவான். திண்ணையில் பேரன் சத்தமாகச் சிரித்தான். கிராமத்தில் இருந்து சிட்டி காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியும், முதல் வாரத்தில் வரும் முதல் கிண்டலே எண்ணெய் வைத்த தலைக்குத்தான். அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஹாலிவுட் ஹீரோ!

'சாய் டீ' காமெடியும் அப்படித்தான். சாய் என்றாலே டீதானே, டீ டீ என்று எதற்கு இரண்டு தடவை சொல்கிறாய் என்று மைல்ஸை வாங்கு வாங்கென்று வாங்குவான் பவித்ர். 'கேட்டுக் கதவு', 'நடு சென்டர்' என்று தினமும் பேசுகிற நாம் அந்த இடத்தில் கொஞ்சம் அடக்கித்தான் சிரிக்க வேண்டும்.

ஊரைச் சுற்றிக் காட்டும்போது, இங்கே டிராஃபிக், அங்கேயும் டிராஃபிக், வெள்ளைக்காரன் நம்ம பொருளையெல்லாம் திருடிக்கொண்டு போன இடம் அது என்று போகிற போக்கில் ஒரு குத்து. இந்த ஊரின் பல்லவர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனியும் இப்போது ஊரில் இல்லை. நல்லவேளை, லண்டன் வரை போகவில்லை. எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம்.

காணாமல் போன பஸ் ஸ்டாப்

சரி, இத்தனை இருந்தும் குறை என்ன?

காமிக்ஸ் பவித்ர் கிராமத்துப் பையன். ஸ்காலர்ஷிப்பில் படிக்க மும்பைக்கு வந்தவன். பெரியப்பா குடும்பமும் அவனுக்காகவே ஊரை விட்டு வந்திருக்கிறது. ஸ்கூலில் அவன் உடையைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். துரத்துகிறார்கள். அப்படித் துரத்தப்பட்டு ஓடும்போதுதான் ஒரு யோகியைச் சந்தித்து, சிலந்தியின் சக்தியைப் பெறுகிறான். எந்தத் துணிக்காகக் கேலி செய்தார்களோ, அந்தத் துணியோடு வானத்தில் பறக்கிறான். அந்த வேட்டிக்குக் காமிக்ஸில் ஒரு காரணம் இருந்தது. படத்தில் அது டிசைன்.

யோகி விஷயம் சகிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாயத்து, ராட்சசன், பழங்காலத்துச் சாபம் என்று டூரிஸ்ட் கடையில் விற்கும் இந்தியாவை அப்படியே வாங்கிக் கதையில் வைத்துவிட்டார்கள். கம்பெனி முதலாளியான நலின் ஓபராய் தாயத்தைத் தொட்டதும் பச்சை அரக்கனாகிவிடுகிறான். அமெரிக்க மூலத்திலாவது லேப், கெமிக்கல், பேராசை என்று ஒரு லாஜிக் உண்டு. இந்தியா என்றால் விஞ்ஞானம் கிடையாது, மந்திரம்தான் என்று நாமே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிக்கும் பையனுக்கு ஒரு லேப் கதவைக்கூடத் திறக்காமல் யோகியிடம் அனுப்பிவிட்டார்கள்.

ஆனாலும் அந்த 4 இதழ்களில் ஒரு பயம் இருக்கிறது. பெரிய ஊரில் தான் சின்னவன் என்ற பயம். பெரியவர்கள் தனக்காகப் பட்ட கஷ்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்ற பயம். கூரத்தில் இருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னைக்கு இன்னொரு பஸ் பிடிக்கிற பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஹாஸ்டலில் முதல் மாதம் கைலியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்ததாகப் பேரன் படம் ஓடும்போது சொன்னான். ஆயா அவனைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

படத்தின் பவித்ருக்கு எந்தப் பயமும் இல்லை. சக்தி வந்து 6 மாதம்தான் ஆகிறது, எல்லாம் ஈஸி என்கிறான். எழுந்தோமா, மாயா ஆன்ட்டியோடு சாய் குடித்தோமா, நாலு ரவுடியை அடித்தோமா, மறுபடி சாய் குடித்தோமா என்று போகிறது வாழ்க்கை. இன்ஸ்பெக்டர் மகள் காயத்ரி சிங் காதலி. பிறந்ததில் இருந்தே அந்த ஊர்க்காரன் போல இருக்கிறான். அவன் ஏறி வந்த பஸ் ஸ்டாப் படத்தில் எங்கேயும் இல்லை.

இதிலும் ஒரு நியாயம் உண்டு. இந்தியா என்றால் எப்போது பார்த்தாலும் ஏழைப் பையன், கேலி, கண்ணீர்தானா? சந்தோஷமான, அழகான, கொஞ்சம் திமிரான இந்திய ஹீரோ இருக்கக் கூடாதா? பேரனின் கட்சி அதுதான். "எல்லாத்துலயும் நம்மள பாவமா காட்டணுமா ஆயா?" நல்ல கேள்வி. மறுக்க முடியாது.

படுகளத்தை மாற்றலாமா?

படம் உண்மையில் கனமாவது இதற்கு அப்புறம். வில்லன் 'ஸ்பாட்' மும்பாட்டனை உடைக்கிறான். கட்டடம் சரிகிறது. பவித்ர் காயத்ரியைக் காப்பாற்றுகிறான். அதே நேரம் அவளுடைய அப்பா இன்ஸ்பெக்டர் சிங் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் இடிபாட்டுக்கு அடியில் மாட்டுகிறார். அவர் சாகப்போகிறார். மைல்ஸ் பாய்ந்து காப்பாற்றிவிடுகிறான். எல்லோருக்கும் சந்தோஷம்.

அங்கேதான் இடி இறங்குகிறது. ஸ்பைடர்மேன்களின் தலைவன் மிகுவல் ஓஹாரா சொல்கிறான்: அவர் செத்திருக்க வேண்டும். எந்த உலகத்து ஸ்பைடர்மேனாக இருந்தாலும் சில சாவுகளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அது விதி. அதை மாற்றினால் உலகமே கிழிந்துவிடும். அதேபோல் மும்பாட்டன் நடுவில் பெரிய ஓட்டை விழுகிறது. மைல்ஸின் அப்பாவும் போலீஸ். அவர் கேப்டன் ஆகப்போகிறார். அப்படியானால் அவரும் சாகத்தான் வேண்டும்.

எந்தச் சோகமும் தொடாத ஒரே ஹீரோ பவித்ர். பெரியப்பா சாகத்தான் வேண்டுமா என்ற கேள்வியை, அவனுடைய ஊரில் வைத்துத்தான் படம் கேட்கிறது. காமிக்ஸில் இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே பீம் பெரியப்பா செத்தால்தான் கதை நகரும். செத்தார், பையனுக்குப் பொறுப்பு வந்தது, அவ்வளவுதான். ஊரைத் தொலைத்த படம், காமிக்ஸ் கேட்காததைக் கேட்டுவிட்டது. இரண்டில் எது நல்லது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போவது இங்கேதான்.

கூத்து பார்க்கிறவர்களுக்கு இது பழைய கேள்வி. அபிமன்யு சாவான் என்று கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் கடைசிக் குழந்தைக்கும் தெரியும். போன வருடம் செத்தான், இந்த வருடமும் சாவான். தெரிந்தேதான் அழுகிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீளமாகப் படுத்திருப்பான். அவன் தொடையில் அடி விழுந்தாக வேண்டும். இந்தத் தடவை மன்னித்து விட்டுவிடலாம் என்று பீம வேடக்காரர் முடிவெடுக்க முடியாது. ஊரே சண்டைக்கு வரும்.

ஆயா மிகுவல் பக்கம். "எழுதனதை எப்படிடா மாத்துவ?"

பேரன் மைல்ஸ் பக்கம். "அப்பாவைக் காப்பாத்த ஓடாம, விதின்னு கைய கட்டிகினு நிப்பானா?"

அடுத்த பத்து நிமிடம் படம் பாஸில் நின்றது. அபிமன்யுவைக் காப்பாற்ற கிருஷ்ணன் நினைத்திருந்தால் முடியாதா என்பதில் தொடங்கி, எங்கெங்கோ போய், ஆயாவின் மூத்த மகன், அதாவது இந்தப் பையனின் சொந்தப் பெரியப்பா, மழைநாளில் மோட்டார் போடப் போய் ஷாக் அடித்து இறந்த கதையில் வந்து நின்றது. அந்தப் பெரியப்பா சேர்த்து வைத்த பணம்தான் முதல் செமஸ்டர் ஃபீஸ் என்பது பேரனுக்கு அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆயாவே, "போடு, பாக்கலாம்" என்றார்.

ஸ்பைடருக்கும் ஸ்பைடர்மேனுக்கும்

ஒரு குட்டி இடைச்செருகல். தமிழ் காமிக்ஸ் வாசகர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 'ஸ்பைடர்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் நினைப்பது சிவகாசியில் இருந்து வந்த லயன் காமிக்ஸின் ஸ்பைடரை. கூர்க்காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி. பிரிட்டிஷ் இறக்குமதி. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு திருந்திய ஆள். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். புத்தி வருவதற்கு முன்னால் தப்பு செய்கிற ஹீரோவை நம்ம ஊர்ப் பிள்ளைகள் எண்பதுகளிலேயே கொண்டாடியிருக்கிறார்கள். அந்த வரிசையில் காமிக்ஸ் பவித்ரைச் சேர்க்கலாம். படத்துப் பவித்ருக்கு அங்கே இன்னும் சீட் இல்லை.

படம் வந்த அதே 2023 ஜூன் மாதம் மார்வெல் பவித்ரை வைத்து 5 இதழ்கள் கொண்ட புதிய தொடரையும் ஆரம்பித்தது. எழுதியவர் நிகேஷ் சுக்லா. காமிக்ஸில் இருந்து படத்துக்குப் போனவன், படம் கொடுத்த புகழோடு காமிக்ஸுக்குத் திரும்பிவிட்டான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் படத்தைத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம். வேகம் அதிகம் என்பதால், பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பேரன் தேவைப்படும். ஒரே எச்சரிக்கை, கதை முடியாது. மைல்ஸ் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொள்ள, அவனைத் தேடிக் கிளம்பும் கூட்டத்தில் பவித்ரும் சேர்ந்துகொள்ள, அங்கேயே 'தொடரும்'.

கூரத்துத் திண்ணையில் அதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. "விடியறதுக்கு முன்னாடியே வேஷத்தைக் கலைச்சிட்டானுங்களா? மிச்சம் எப்போடா?"

"2027-ன்னு சொல்லியிருக்காங்க ஆயா."

ஆயா சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அதுலயாவது அவன் பெரியப்பன் வருவானா?"